பசை காயும்வரை

அசையக் கூடாது. இடது கையின் இரண்டு விரல்கள் ஸ்பாய்லரை, காரின் பின்னால் இறக்கை மாதிரி நிற்கிற தகட்டை, மேலிருந்து பிடித்திருக்கின்றன, வலது கை காரின் பின்பக்கத்தைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஈரப் பசை. ஐந்து நிமிடப் பசை என்று குழாயில் எழுதியிருக்கிறான், எனக்குத் தெரிந்து எந்தப் பசையும் ஐந்து நிமிடத்தில் காய்ந்ததில்லை, அதுவும் சென்னையில், இந்தப் புழுக்கத்தில். கிளிப் போட்டுவிட்டு எழுந்து போகலாம்தான், போட்டால் பெயின்ட்டில் பல் பதிந்துவிடும், அதோடு கிளிப்புக்குக் கோணம் தெரியாது. இந்த ஸ்பாய்லர் லேசாகப் பின்னால் சாய்ந்து, இடப்பக்கம் மட்டும் ஒரு நூல் தாழ்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் என் நண்பன் ஜபருடைய காரில் அப்படித்தான் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிழ்ந்து எழுந்ததிலிருந்து கடைசிவரை அப்படித்தான் இருந்தது. மூக்கு நுனியில் வியர்வை நிற்கிறது, துடைக்க முடியாது. தூசி ஒட்டுமென்று ஃபேனை நானேதான் நிறுத்தினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை, மனைவி பிரபா தன் தங்கை மகள் வளைகாப்புக்கு வேலூர் போயிருக்கிறாள், போகும்போது வாசலில் நின்று, அந்தக் காரை முடித்துவிட்டாவது ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றாள். முடித்துவிட்டேன் பிரபா, இதோ, இந்த ஒரு ஸ்பாய்லர்தான். கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சின்னதாக மாதிரிக் கட்டடம் செய்து கொடுப்பது என் தொழில், அட்டையில் சுவர், பிளாஸ்டிக்கில் பால்கனி, பஞ்சில் மரம். இது தொழில் இல்லை. பார்க்கிறவர்கள் பொம்மை என்பார்கள், பொம்மையும் இல்லை. எண்பதுகளில் ஜப்பானிலிருந்து வந்த ரிமோட் கார், மணலில் ஓடுகிற பக்கி, பின்னால் தடித்த சக்கரம், முன்னால் ஒல்லிச் சக்கரம், நடுவே ஹெல்மெட் போட்ட டிரைவர், அவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதன் நகல் இது. அசல் ஒரு மழைக்கு ஜபர் வீட்டுக் கிடங்கில் மூழ்கிச் செத்தது. சில பழைய போட்டோக்களைப் பெரிதாக்கி, சக்கரத்தின் அகலத்தை வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் பண்ணி, மரத்தில் அச்சு செதுக்கி, பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அதன்மேல் இழுத்து, திருகு முதற்கொண்டு செய்திருக்கிறேன், உள்ளே மோட்டார் வைத்து, பழையது மாதிரியே ஒரு ரிமோட்டும் சேர்த்து, ஓடவும் வைத்திருக்கிறேன். நாளைக்கு இதை மண்ணடிக்குக் கொண்டுபோய் அவன் முன்னால் வைக்க வேண்டும்.

ஹாலில் போன் அடிக்கிறது. மெஹரு. மற்ற எல்லோருக்கும் ஒரே சத்தம், மெஹருவுக்கு மட்டும் தனியாக ஒரு மணிச்சத்தம் வைத்திருக்கிறேன், ஜபருக்கு ஸ்ட்ரோக் வந்த மறுநாள் வைத்தது, அவன் மனைவி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தெரிய வேண்டும் என்று. அது நல்லதுக்கு வைத்ததா கெட்டதுக்கு வைத்ததா தெரியவில்லை. இந்த நேரத்தில் மெஹரு கூப்பிட மாட்டாளே. இது பிசியோதெரபிக்காரர் வருகிற நேரம், அவர் ஜபரின் வலது கையைத் தூக்கித் தூக்கி இறக்குவார், மெஹரு பக்கத்தில் நின்று அவர் சொல்கிற எண்ணிக்கையைத் தானும் சொல்லுவாள், பிறகு டீ போடுவாள், அதற்குப் பிறகுதான் கூப்பிடுவாள், என்ன சமையல் அண்ணே என்பாள், அண்ணி வந்தாச்சா என்பாள். இப்போது எதற்கு? அடிக்கிறது. விரல் ஒரு துளி அசைந்தது, ஸ்பாய்லர் நகர்ந்ததா, இல்லை, நகரவில்லை. விட்டுவிட்டு ஓடலாம். விட்டால் இது வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சரியும், பசை மேலே வழியும், துடைத்தால் சிவப்பு பெயின்ட் மங்கிவிடும், மறுபடி உரித்து, தேய்த்து, அடித்து, நாளைக்கு ஆகாது. அடித்து நின்றுவிட்டது. அப்பாடா. அப்பாடாவா? என்ன மனுஷன் நான். நின்றுவிட்டது என்றால் அவசரமில்லை என்றுதான் அர்த்தம், அவசரமாக இருந்தால் உடனே மறுபடி அடிப்பாள். அடிக்கவில்லை பார். அடிக்கவில்லை என்றால், அடிக்கக்கூட நேரமில்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள் என்றும் இருக்கலாம். இல்லை. வேண்டாம். டிரைவரைப் பார். டிரைவருக்கு மீசை வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் மீசையில்லாமல்தான் அனுப்பினான், மீசையில்லாதவன் என் காரை ஓட்டக் கூடாது என்று ஜபர் ஒரு சின்ன பிரஷ் எடுத்து வரைந்துவிட்டான், வலது பக்கம் தடித்து, இடது பக்கம் இளைத்து. நானும் அப்படியே வரைந்திருக்கிறேன். நேராக வரைவதைவிடக் கோணலாக, அதே கோணலாக வரைவது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்வது, பிரபாவிடம் சொன்னேன், அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எந்தக் காருக்கு நகல் செய்கிறேன் என்பதில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன். பர்மா பஜாரில் ஜபருடைய மாமா கடையில் அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது இருந்த காருக்கா, ஜபர் ஓட்டி ஓட்டி அடிவாங்கிக்கொண்டிருந்த காருக்கா? துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கிடங்கின் சிமென்ட் தரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் சேருவோம், எல்லோருக்கும் இருபது வயசு, கார் இருந்தது இரண்டு பேரிடம்தான், மற்றவர்கள் பார்க்க வருவோம், நான் டயர் கழற்றி மாட்டுகிறவன். அப்போது ஜபருக்கு வாய் மூடாது. ஓட்டும்போது பேசுவான், எங்களோடு இல்லை, காரோடு, வாடா, திரும்புடா, என் தங்கமில்ல, என்று. டாக்டர் சொன்னார், மூளையில் பேச்சு இருக்கிற பக்கத்தில்தான் ரத்தம் நின்றிருக்கிறது, வார்த்தை வருவது கஷ்டம், புரிவது கொஞ்சம் புரியும், கொஞ்சம் புரியாது, எது புரிகிறது எது புரியவில்லை என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். புதிய காராகச் செய்தால் அவனுக்கு அது கடையில் தொங்குகிற ஏதோ ஒரு கார். அதனால் கீறலையும் சேர்த்துச் செய்தேன். இடது கதவுக்குக் கீழே சூடான சால்டரிங் ராடு பட்டு உருகின தழும்பையும் செய்தேன், நல்ல பிளாஸ்டிக்கை வேண்டுமென்றே உருக்கினேன், கை கூசியது. இதையெல்லாம் பார்த்தால் அவனுக்குத் தெரியும், தெரியாமல் போகாது. போன தடவை தெரியவில்லையே. போன தடவை, கூடுதலாகச் செய்த ஒரு பின்சக்கரத்தை மட்டும் எடுத்துப்போய்க் கையில் கொடுத்தேன். வாங்கினான். திருப்பிப் பார்த்தான். ஜபரு, என்னன்னு தெரியுதா, என்றேன். என் முகத்தைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். ஏன் பையில் போட்டான்? தன்னுடையது என்பதாலா? தன்னுடைய பொருளைத்தானே பையில் போடுவோம். இல்லை, என்னவென்று தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் பார்க்கிறார்களே என்று மறைத்துக்கொண்டானா? பேனாவைப் போடுகிற மாதிரி போட்டான். பேனா என்று நினைத்தானா? சக்கரத்தைப் பேனா என்று நினைக்கிற ஒருவன் முன்னால் நாளைக்கு முழுக் காரை வைத்தால் என்ன என்று நினைப்பான்? மெஹரு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், உள்ளே ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி அடிக்கிறது. அதே மணி. போய்விட்டான். போய்விட்டான் என்று மனசு எப்படி இவ்வளவு சீக்கிரம் சொல்கிறது, வெட்கமில்லாமல், இதற்காகவே காத்திருந்த மாதிரி. மெஹரு தரையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், நான் இங்கே ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விடு. விட்டுவிட்டுப் போ. ஆனால் போய்விட்டான் என்றால் இப்போது விட்டு என்ன ஆகப்போகிறது, போகவில்லை என்றால் நாளைக்கு இது நேராக இருக்க வேண்டும், அதாவது கோணலாக, சரியான கோணலாக. நான் பிடித்துக்கொண்டிருக்கிறவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, அப்படித்தான் தோன்றுகிறது, பரீட்சை ரிசல்ட் வருகிறவரை குளிக்காமல் இருந்த மாதிரி. மணி நின்றுவிட்டது. இடது கை மரத்துப்போகிறது. விரல் நுனியில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, எறும்பு ஊறுகிற மாதிரி. ஒரே நிலையில் வைத்திருப்பதால் மரக்கிறது. ஜபருக்கும் முதலில் மரத்துத்தான் போயிற்றாம், காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்ததாம், குனிந்து எடுத்தானாம், மறுபடி விழுந்ததாம், மெஹரு சமையலறையிலிருந்து, என்ன மச்சான் விளையாட்டு என்றாளாம். எனக்கும் அவன் வயசுதான், எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு, இன்றைக்குப் போட்டேனா? போட்டேன். போட்டேனா? பேச்சு போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பேசித்தான் பார்க்க வேண்டும். "கோதண்டபாணி," என்று சத்தமாகச் சொல்கிறேன். காலி வீட்டில் என் பேர் எனக்கே யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்கிறது. "கோதண்டபாணி, பெரம்பூர். இன்னைக்கு வியாழக்கிழமை." சரியாகத்தான் வருகிறது. உதடு கோணவில்லை என்று நினைக்கிறேன், கண்ணாடி ஹாலில் இருக்கிறது. ஜபர் இப்படித்தான் உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறானா? மெஹரு, மண்ணடி, வியாழக்கிழமை, எல்லாம் உள்ளே வரிசையாக நின்று, வாய்க்கு வரும்போது மட்டும் ஒன்றுமில்லாமல் போகிறதா? மூன்றாவது தடவையாக மணி அடிக்கிறது. இந்தத் தடவை நான் யோசிக்கவே இல்லை. கை தானாக விட்டுவிட்டது. முழங்கை மேஜையில் இடித்தது, ஓடினேன், மிதியடி வழுக்கியது.

"அண்ணே, எங்க போனீங்க? எத்தனை வாட்டி அடிக்கறது?"

"கையில பசைம்மா. என்னாச்சு? ஜபரு..."

"பயப்படாதீங்க, அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல." அவள் வீட்டுக்குள் இல்லை போலிருக்கிறது, வண்டிகளின் ஹாரன் கேட்கிறது. "காலைலேர்ந்து ஒரே பிடிவாதம்ணே. சட்டையைக் காட்டிக் காட்டி மாத்த வச்சாரு. பிசியோ சார் வந்தா கையையே குடுக்கல, அனுப்பிட்டேன். அப்புறம் ஷூ. ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து ஷூவே போடல அவரு. போட வச்சாரு. இப்ப பார்க்கிங்ல வாட்ச்மேன் சேர்ல வந்து உக்காந்துட்டாரு. மாடிக்கு வரமாட்டேங்கறாரு. கேட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு."

"எதுக்கு?"

"நான்தாண்ணே வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, நாளான்னிக்கு கோதண்டம் அண்ணன் உங்க காரக் கொண்டாருதுன்னு நேத்து சொன்னேன். நாளான்னிக்குன்னா என்னிக்குன்னு அவருக்குப் பிடிபடல போல. ஆனா கார்ங்கறது பிடிபட்டிருக்குண்ணே."

நான் ஹாலில், கண்ணாடிக்கு முன்னால், போனை வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் வாய் கோணியிருக்கிறது, ஆனால் அது அழுகையால்.

"முடியலன்னா பரவாயில்ல, நான் எதாச்சும் சொல்லி..."

"வரேன்மா. கிளம்பிட்டேன். அவன அங்கயே இருக்கச் சொல்லு."

ஆட்டோவில் காரை மடியில் வைத்திருக்கிறேன். ஸ்பாய்லர் வலப்பக்கம் சரிந்து, பசை ஒரு கண்ணீர்த் துளி மாதிரி வழிந்து அப்படியே இறுகிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் பொத்திக்கொள்கிறேன், பொத்தி என்ன ஆகப்போகிறது. "பேரனுக்கா சார்?" என்கிறார் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து. "ஃப்ரெண்டுக்கு," என்றேன். "ஃப்ரெண்டுக்கா!" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் பள்ளம் பார்த்து ஓட்டுகிறார். கார் என்பது பிடிபட்டிருக்கிறது. கார் என்கிற சொல் பிடிபட்டதா, உங்கள் என்கிற சொல் பிடிபட்டதா, கோதண்டம் அண்ணன் என்பது பிடிபட்டதா? மூன்றில் எது? எதுவாக இருந்தாலும் சட்டை மாற்றியிருக்கிறான். யாரையோ எதிர்பார்த்துத்தான் மனுஷன் சட்டை மாற்றுகிறான். ஆனால் அங்கே போய், இதைப் பார்த்து, அது இது இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால்? ஸ்பாய்லர் சரிந்திருக்கிறதே என்பதற்காகவே அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? பேசின் பிரிட்ஜில் சிக்னல். வெயில் டிரைவரின் ஹெல்மெட்டில் பட்டு என் கண்ணில் அடிக்கிறது. இவ்வளவு நாளும் இந்தக் கார் முடிய வேண்டும் முடிய வேண்டும் என்று இருந்தேன், இப்போது பச்சை விழாமல் இருந்தால் தேவலை என்றிருக்கிறது. விழுந்துவிட்டது.

ஜபர் பார்க்கிங்கில் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான், இஸ்திரி போட்ட நீலச் சட்டை, பளபளக்கிற ஷூ, வலது கை மடியில் வேறு யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி கிடக்கிறது. மெஹரு பின்னால் நிற்கிறாள், சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாதீர்கள் என்பது போலத் தலையசைக்கிறாள். நான் காரைத் தரையில் வைத்தேன். அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இடது கையை நீட்டினான். ரிமோட்டைக் கொடுத்தேன். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டான், இடது கட்டைவிரல் தேடாமல், தடவாமல், நேராக இடது குச்சியில் போய் உட்கார்ந்தது. தள்ளினான். கார் சீறிக்கொண்டு கிளம்பியது. தெரிகிறது, அவனுக்குத் தெரிகிறது, கத்த வேண்டும் போலிருக்கிறது எனக்கு. கார் நேராகப் போய், நேராகவே போய், சுவருக்கு முன்னால் நின்றது, அவன்தான் நிறுத்தினான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ரிமோட்டில் இரண்டு குச்சி, இடது குச்சி போவதற்கு, வலது குச்சி திரும்புவதற்கு. மீசையை யோசித்தேன், திருகை யோசித்தேன், உருகின தழும்பை யோசித்தேன், வாராவாரம் வந்து பார்த்த இந்தக் கையை யோசிக்கவில்லை. ஒரே கையால் ஓட்டுகிற மாதிரி மாற்றியிருக்கலாம், எவ்வளவு சின்ன வேலை, தோன்றவே இல்லை, அசல் அப்படி இல்லையே என்றுகூட யோசிக்கவில்லை, அந்த அளவுக்குத் தோன்றவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இந்தக் குச்சி எதுக்குண்ணே?" என்று மெஹரு கேட்கிறாள்.

"திருப்பறதுக்கு."

தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள், ஒரு விரலை வலது குச்சியில் வைத்தாள். "நீங்க ஓட்டுங்க மச்சான், நான் திருப்பறேன்." அவன் காரைப் பின்னுக்கு எடுத்தான், பிறகு முன்னுக்குத் தள்ளினான். கார் எங்களைப் பார்த்து வந்தது, அவள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அழுத்தினாள், தலைகீழாக அழுத்தினாள், கார் ஒரு அரைவட்டம் அடித்துத் தூணில் போய் மோதியது. ஸ்பாய்லர் தெறித்து எங்கோ விழுந்தது.

"அறிவிருக்கா?"

யார் பேசினார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வாட்ச்மேன் இல்லை. மெஹரு ஜபரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜபர் தன் இடது கையால் தன் வாயைத் தொட்டுப் பார்க்கிறான். அவனுடைய குரல், முழுசாக, ஒரு பிசிறில்லாமல், நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த எரிச்சலோடு.

"இல்ல மச்சான்," என்றாள் மெஹரு. "எனக்கு அறிவே இல்ல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவன் சொல்லப் பார்த்தான். உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, அ, அ, என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. நினைத்துச் சொன்னால் வராது, நினைக்காமல் வந்தால் வரும், டாக்டர் இதையும்தான் சொன்னார், கோபத்தில் சில சமயம் வரும் என்று, நான் அதை ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மெஹரு என்னைப் பார்க்கிறாள். காரைப் பார்க்கிறாள். மறுபடி என்னைப் பார்க்கிறாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. போய்க் காரை எடுத்தேன், முன்பக்கம் ஒரு கீறல், பரவாயில்லை, கொஞ்சம் தள்ளிக்கொண்டு வந்து தூணுக்கு எதிரே வைத்தேன். "ஓட்டு ஜபரு," என்றேன். தள்ளினான். மெஹரு கண்ணிமைக்காமல் தூணைப் பார்த்தே திருப்பினாள். மோதியது. அவன் பெருமூச்சு விட்டான், அவளை முறைத்தான், ஒன்றும் வரவில்லை. நான் மறுபடி எடுத்து வைத்தேன். இந்தத் தடவை முன்பக்கத் தடுப்பு விரிசல் விட்டது, டிரைவரின் தலை மீசையோடு கழன்று மோட்டார் சைக்கிள்களுக்கு அடியில் உருண்டது. மெஹருவின் கன்னமெல்லாம் ஈரம், ஆனால் விரலை எடுக்கவில்லை. கார் கிளம்பி மறுபடியும் தூணை நோக்கித் திரும்புகிறபோது ஜபர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"லெஃப்டு!" என்றான். "லெஃப்டு ஒடி!"

மோதி நின்றது. "எந்தப் பக்கம் மச்சான்?" என்று கேட்டாள் மெஹரு.

"லெஃப்டு! லெஃப்டு!"

பிளாஸ்டிக் ஒரு ஓரம் முழுக்கக் கிழிந்துவிட்டது. சக்கரம் சுழல்கிறது, மோட்டார் இன்னும் தாங்கும். நான் காரைத் தூக்கிக்கொண்டு வந்து, மறுபடி தூணைப் பார்த்து வைத்தேன்.